அறுத்த வயலில் நிற்கும் தாளைக் கொளுத்துவது ஏன்? கொளுத்தாமல் என்ன செய்யலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பஞ்சாப் விவசாயிகள் ஆண்டுதோறும் வயலைக் கொளுத்துகிறார்கள். மண் கெடும் என்று அவர்களுக்குத் தெரியாதா? (சென்னை வாசகர்)

நன்றாகத் தெரியும். அவர்களை நெருக்குவது நாள் கணக்கு. நிலத்தடி நீரைக் காக்க பஞ்சாப் 2009-இல் ஒரு சட்டம் போட்டது. ஜூன் 10-க்கு முன் நெல் நாற்று நடக்கூடாது என்றது அது. அதுவரை மே மாதத்திலேயே நட்டவர்கள் தள்ளி நட ஆரம்பித்தார்கள், அறுவடையும் அக்டோபருக்குள் தள்ளிப்போனது. கோதுமையோ நவம்பர் நடுவுக்குள் விதைக்க வேண்டிய பயிர். பிந்தினால் மார்ச் வெயிலில் மணி சுருங்கிவிடும். கையில் மிஞ்சுவது இரண்டு, மூன்று வாரம்.

அந்தக் காலத்துக்குள் ஏக்கருக்குச் சுமார் இரண்டரை டன் வைக்கோலை அப்புறப்படுத்தியாக வேண்டும். அறுவடை மெஷின் முழங்கால் உயரத்துக்குத் தாளை விட்டு, உதிரி வைக்கோலைப் பின்னால் வரிசையாகக் கொட்டிப் போகிறது. விதைப்புக் கருவியின் கொழுக்களில் சிக்குவது இந்த உதிரிதான், நிற்கும் தாள் அல்ல. அங்கே மாட்டுக்குக் கோதுமை வைக்கோல் இருப்பதால் மணல்சத்து (சிலிக்கா) மிகுந்த நெல் வைக்கோலைத் தேடுவார் இல்லை. கையால் அறுக்கும் பாஸ்மதி வயல்களில் தீ குறைவு என்பதையும் கவனியுங்கள்.

இரண்டு வழிகள் உண்மையில் பலன் தருகின்றன. ஒன்று, 155 முதல் 160 நாள் எடுக்கும் பூசா 44 நெல் ரகத்தை விட்டு, ஒரு மாதம் முன்பே அறுவடைக்கு வரும் பிஆர் 126-க்கு மாறுவது. மற்றது, உதிரியைப் பொடித்துச் சீராகப் பரப்பும் கருவியை அறுவடை மெஷினில் மாட்டி, தாளுக்கு நடுவிலேயே ஹாப்பி சீடர் என்ற விதைப்புக் கருவியால் கோதுமை விதைப்பது. இதற்கு 45 குதிரைத்திறனுக்குக் குறையாத டிராக்டர் வேண்டும். ஆண்டில் சில வாரம் மட்டுமே ஓடும் கருவியைச் சிறு விவசாயி தனியாக வாங்குவது கட்டாது, வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். எல்லாருக்கும் அதே பதினைந்து நாளில் அது தேவைப்படும்போது வரிசையில் நிற்க முடியாதவர் தீப்பெட்டியை எடுக்கிறார். கொளுத்துவதற்கான அபராதத்தை மத்திய அரசு 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கியது: இரண்டு ஏக்கருக்குள் 5,000 ரூபாய், ஐந்து வரை 10,000, அதற்கு மேல் 30,000.

குறுவை அறுத்துத் தாளை மடக்கி உழுது தாளடி (குறுவைக்குப் பின் அதே வயலில் நடும் நெல்) நட்டால் பயிர் மஞ்சளாகிறது. கொளுத்திய வயலில் அப்படி ஆவதில்லை. ஏன்? (மன்னார்குடி வாசகர்)

டெல்டாவில் தீ வைப்பதற்குப் பாதிக் காரணம் இந்த மஞ்சள்தான். வைக்கோலில் தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போல் 60 முதல் 80 மடங்கு கரிமம் இருக்கிறது. அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து போதாமல் மண்ணில் இருப்பதையும் இழுத்துக்கொள்கின்றன. இரண்டு, மூன்று வாரம் நாற்று பட்டினி கிடக்கும். பிறகு நுண்ணுயிர்கள் மடிந்து எடுத்ததைத் திருப்பித் தரும். கொளுத்திய வயலில் இந்தப் போட்டி இல்லை. பசுமை தெரிவதால் மண் வளமாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியது: தாள் காய்ந்திருக்கும்போதே ரோட்டவேட்டரை (சுழல் கலப்பை) ஓட்டி நறுக்கிவிடுங்கள். தண்ணீர் வைத்த பிறகு ஓட்டினால் நீள நீளமாகச் சுற்றிக்கொள்ளும். முதல் சேற்றுழவில் ஏக்கருக்கு 9 கிலோ யூரியா போட்டுத் தாளோடு மடக்குங்கள். வேளாண் பல்கலைக்கழகம் எக்டருக்கு 22 கிலோ என்று சொல்லும் அளவு இது. நடவுக்கு முன் 15 நாள் கிடைத்தால் போதும். இது அடியுரத்துக்கு மேல் கூடுதலாகப் போடுவது, அடியுரத்தில் கழிப்பதற்கல்ல.

நட்ட பின் காலை வைத்தால் குமிழி வந்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதா? அது தழைச்சத்துக் குறை அல்ல. காற்றில்லாமல் தாள் அழுகி வேர் கறுக்கிறது. இந்த நிலையில் மேலுரம் போடுவது வீண். தண்ணீரை வடித்து, மயிரிழை வெடிப்பு காணும்வரை காயவிட்டு மறுபடி பாய்ச்சுங்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அடி இலைகள் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து. இளம் இலையின் நடுநரம்பு வெளுத்து, கீழ் இலைகளில் துருப்போலப் புள்ளி விழுந்தால் துத்தநாகம். அதற்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவின்போது மேலாகத் தூவ வேண்டும்.

(தாளடி என்ற சொல்லுக்கே அறுத்த தாளின் அடிக்கட்டை என்று ஒரு பொருள் உண்டு. தாளுக்குள் நடுவது டெல்டாவுக்குப் புதிதல்ல. புதிது, மெஷின் விட்டுப்போகும் உயரம்.)

சாம்பலும் உரம்தானே? (பண்ருட்டி வாசகர்)

கொஞ்சம் உரம்தான். ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 5.5 கிலோ தழைச்சத்து, 2.3 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 25 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்) இருக்கும். தீயில் கரிமம் அனேகமாக முழுதும் போகிறது, தழைச்சத்தில் பெரும்பகுதி போகிறது, மணிச்சத்தில் கால்பங்கு, சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டரை டன் எரிந்தால் ஏறத்தாழ 30 கிலோ யூரியாவுக்குச் சமமான தழைச்சத்து புகையாகிறது. மிஞ்சும் சாம்பல்சத்தும் வைக்கோல் வரிசை கிடந்த இடத்தில் திட்டாகக் குவிந்து முதல் மழையில் ஓடிவிடும்.

ஆனால் வைக்கோலைக் கட்டி விற்பவர்கள் ஒன்றைக் கணக்கில் வைப்பதில்லை. தீயில் ஐந்தில் ஒரு பங்கு போகும் சாம்பல்சத்து, விற்கும்போது முழுதுமாக லாரி ஏறுகிறது. தொடர்ந்து விற்கும் வயலுக்குப் பொட்டாஷைக் குறைக்காதீர்கள். முடிந்தால் உதிரியை மட்டும் விற்று அடித்தாளை மண்ணுக்கு விடுங்கள்.

தீ வைத்தால் குருத்துப்பூச்சிப் புழு சாகாதா? (சீர்காழி வாசகர்)

மேலே கிடப்பது சாகும். தாளின் அடியில், மண்ணை ஒட்டிப் பதுங்கியிருப்பது தப்பிவிடும். வைக்கோல் தீயின் சூடு மேல் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. சிலந்தியும் தரைவண்டும் சேர்ந்து சாவதுதான் மிச்சம். தரையோடு அறுத்து, உடனே உழுது, தண்ணீர் தேக்கினால் புழு மூழ்கிச் சாகும்.

டீகம்போசர் (வைக்கோலை மட்கவைக்கும் நுண்ணுயிர்க் கலவை) தெளித்தேன். 20 நாளாகியும் வைக்கோல் அப்படியே கிடக்கிறது. மருந்து போலியா? (திருவண்ணாமலை வாசகர்)

போலியாக இருக்க வேண்டியதில்லை. காய்ந்த வைக்கோல்மேல் தெளித்திருப்பீர்கள். பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், மண் தொட வேண்டும். தெளித்த அன்றே ரோட்டவேட்டர் ஓட்டி லேசாகத் தண்ணீர் காட்டுங்கள். பூசா டீகம்போசர் என்றால் நான்கு கேப்சூலில் வெல்லமும் கடலைமாவும் சேர்த்து 25 லிட்டர் வளர்த்து, 500 லிட்டர் தண்ணீரில் கலந்து ஒரு எக்டருக்குத் தெளிப்பது. காசியாபாத் தேசிய இயற்கை விவசாய மையத்தின் பாட்டில் என்றால் 200 லிட்டர் தண்ணீர், 2 கிலோ வெல்லம். பிளாஸ்டிக் டிரம்மில் தினம் இருமுறை கலக்கினால் ஐந்து முதல் ஏழு நாளில் தயார். எதைப் போட்டாலும் மூன்று வாரத்துக்குக் குறைந்து எதிர்பார்க்காதீர்கள். பத்து நாளில் நடவு வைத்திருப்பவருக்கு இது வழியல்ல.

வைக்கோல் கட்டும் மெஷினுக்காகக் காத்திருந்தால் உளுந்து விதைப்பு பிந்துகிறது. என்ன செய்ய? (பாபநாசம் வாசகர்)

அறுவடை மெஷினுக்குப் பேசும்போதே கட்டும் மெஷினையும் பேசிவிடுங்கள். அறுத்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் வெயில் காய்ந்தால் கட்டலாம். காலைப் பனி விட்ட பிறகுதான் இறக்க வேண்டும். ஈரத்தோடு கட்டிய உருளை நடுவில் சூடேறிப் பூசணம் பிடிக்கும், அதை மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். அறுவடைக்கு முன்பே நெல்லுக்குள் உளுந்து தெளித்திருந்தால் முளை வந்தபின் டிராக்டரை இறக்காதீர்கள், டயர் ஓடிய தடமெல்லாம் வெறுமையாகும். ஆள் கிடைத்தால் உதிரியை வரப்புக்கு இழுத்துப் போடலாம். கிடைக்காவிட்டால் அறுவடை, கட்டு, பிறகு ஈரம் இருக்கும்போதே விதைப்பு என்று வரிசையை மாற்றுங்கள்.

கரும்பு வெட்டிய பின் சோகையைக் (காய்ந்த இலை) கொளுத்தாமல் கட்டை சீவ முடியவில்லை. (கள்ளக்குறிச்சி வாசகர்)

ஏக்கருக்கு மூன்று, நான்கு டன் சோகை கிடக்கும். ஆள் கால் வைக்க முடியாது, சுணை அரிக்கும், வாய்க்காலும் தெரியாது. சிரமம் உண்மைதான். ஆனால் தீ, தரையை ஒட்டிய முளைப் பருக்களையும் வாட்டும். பிறகு மறுதாம்பில் (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி வளரும் கரும்பு) பயிரில்லாத போக்கிடம் விழுந்து நடவு செய்துகொண்டிருப்பீர்கள்.

சோகையை ஒரு பார் (வரிசை) விட்டு ஒரு பாரில் ஒதுக்குங்கள். காலியான பாரில் கட்டை சீவி, உரம் வைத்து, தண்ணீர் விடுங்கள். ஒதுக்கிய சோகை மூடாக்காகி ஈரம் காக்கும், களையை அடக்கும். தூரை மட்டும் மூடிவிடாதீர்கள், முளை வெளுத்து மெலியும். சோகை தூளாக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் எளிது.

வெட்டுக்கு முன்பே தீ வைக்கச் சொல்லும் வெட்டாட்களுக்கு இணங்க வேண்டாம். எரிந்த கரும்பு ஒரு நாள் தாண்டினாலே எடையும் சர்க்கரையும் இறங்கும், ஆலையில் வண்டி காத்துக் கிடந்தால் நட்டம் உங்களுக்கு. சொட்டுநீர் போட்ட வயலில் யோசிக்கவே வேண்டாம். ஒரு தீக்குச்சியில் பக்கவாட்டுக் குழாய் அத்தனையும் உருகிவிடும்.