ஒரு லட்ச ரூபாய் ஆண்ட்ராய்டு போன்களில் எதை எடுக்கலாம்? உள்ளே என்னதான் வித்தியாசம்?

கேட்டவர் நாங்குநேரிப் பக்கம். வேலைக்காக நாள் முழுக்க பைக்கில் சுற்றுபவர், லீவு கிடைத்தால் கூந்தன்குளத்துக்குப் போய்ப் பறவைப் படம் எடுப்பவர். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம் வேறு. கையில் ஒரு லட்சம் வைத்திருக்கிறார். சாம்சங் எஸ்25 அல்ட்ரா, ஒன்பிளஸ் 13, பிக்சல் 9 ப்ரோ, விவோ எக்ஸ்200 ப்ரோ இந்த நாலில் எதை எடுக்கலாம், ஹார்டுவேரில் நிஜமாகவே வித்தியாசம் உண்டா, இல்லை பெயருக்குத்தான் காசு கொடுக்கிறோமா என்பது அவர் கேள்வி.

வித்தியாசம் உண்டு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. எட்டு மில்லிமீட்டர் சொச்சம் கனத்துக்குள் பேட்டரி, கேமரா, போர்டு மூன்றும் இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. ஒன்றுக்குத் தாராளமாகக் கொடுத்தால் இன்னொன்றில் பிடித்துத்தான் ஆக வேண்டும். யார் எதில் பிடித்து எதற்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சர்வீஸ் கடை வைத்திருப்பதால் இந்த போன்களையெல்லாம் பின்மூடி கழற்றிய நிலையில்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் சிப் பேச்சை முடித்துவிடலாம். எஸ்25 அல்ட்ரா, ஒன்பிளஸ் 13 இரண்டிலும் இருப்பது குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8 எலைட். சாம்சங்குக்குக் கொடுத்ததில் வேகத்தை மட்டும் ஒரு பிடி கூட்டியிருக்கிறார்கள். விவோவில் மீடியாடெக்கின் டைமன்சிட்டி 9400. இந்த இரண்டு சிப்பும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் 3 நானோமீட்டர் முறையில் செய்தவை. பிக்சலில் கூகுளின் டென்சர் ஜி4, சாம்சங் ஆலையில் 4 நானோமீட்டரில் செய்தது. பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனை எண்ணில் பிக்சல் பின்தங்கும். வாட்ஸ்அப், மேப், ஜிபே, கேமரா என்று ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. பெரிய கேம் விளையாடினால் தெரியும். நீங்கள் விளையாடுகிறவராகத் தெரியவில்லை, எனவே அடுத்ததற்குப் போகலாம்.

நமக்குச் சிப்பை விட வெயில் முக்கியம். போனை 0 முதல் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்துங்கள் என்றுதான் சாம்சங் தன் பயனர் குறிப்பிலேயே சொல்கிறது. பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசியில் 38, 39 என்பதெல்லாம் செய்தியே இல்லை. அதற்கு மேல் பைக் ஹேண்டிலில் நேர் வெயிலில் மேப் ஓட வைத்தால் போன் என்ன செய்யும்? முதலில் திரை வெளிச்சத்தைக் குறைக்கும், அப்புறம் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், அப்புறம் சிப் வேகத்தை இறக்கும். இது பழுது இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. 'டிஸ்ப்ளே மங்கிப்போச்சு' என்று கோடையில் கடைக்கு வருகிற போன்களில் பல, ஃபேனுக்கடியில் கொஞ்ச நேரம் கிடந்தாலே சரியாகிவிடும்.

இந்த இடத்தில்தான் திரை வெளிச்சத்தை அளக்கும் 'நிட்ஸ்' கணக்கு ஆளை ஏமாற்றுகிறது. ஒன்பிளஸ் 13 உச்ச வெளிச்சம் 4500 நிட்ஸ், பிக்சல் 9 ப்ரோ 3000, எஸ்25 அல்ட்ரா 2600 என்று போட்டிருப்பார்கள். உச்சம் என்பது திரையின் ஒரு சின்னப் பகுதி கொஞ்ச நேரத்துக்கு எட்டும் அளவு. வெயிலில் முழுத் திரைக்கும் ஒன்பிளஸ் கொடுப்பது 1600 நிட்ஸ்தான். எண்ணில் கடைசியில் நிற்கும் சாம்சங் திரைதான் மத்தியான வெயிலில் படிக்க எனக்கு மிகவும் வசதியாக இருக்கிறது. காரணம் மேலே இருக்கும் கண்ணாடி. கார்னிங்கின் கொரில்லா ஆர்மர் 2 என்ற அந்தக் கண்ணாடியில் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு உண்டு. உங்கள் முகமும் பின்னால் இருக்கும் வானமும் திரையில் அடிக்காது. அந்தப் போனை வாங்கி வந்த கையோடு நூறு ரூபாய் டெம்பர்டு கிளாஸ் ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டியதும் அந்தப் பூச்சு அடியில் போய்விடும், பளபளப்பு பழையபடி வந்துவிடும். நான் சொல்லிப் பார்ப்பேன். 'இல்ல தம்பி, ஒட்டிரு' என்பார்கள். ஒட்டிக் கொடுத்துவிடுவேன்.

பேட்டரியில்தான் இந்த நாலும் நிஜமாகவே வேறு வேறு வழி போகின்றன. 2020-இல் வந்த எஸ்20 அல்ட்ராவில் 5000 எம்ஏஎச். எஸ்25 அல்ட்ராவிலும் அதே 5000. பிக்சல் 9 ப்ரோவில் 4700. ஒன்பிளஸ் 13, விவோ எக்ஸ்200 ப்ரோ இரண்டிலும் 6000. போன் ஒன்றும் தடித்துவிடவில்லை. பேட்டரிக்குள் இருக்கும் சரக்குதான் மாறியிருக்கிறது. வழக்கமான லித்தியம் பேட்டரியில் ஆனோடு, அதாவது சார்ஜைப் பிடித்து வைக்கும் முனை, கிராஃபைட். ஒரு கிராம் கிராஃபைட் அதிகபட்சம் 372 எம்ஏஎச் பிடிக்கும். சிலிக்கான் கிட்டத்தட்ட அதன் பத்து மடங்கு பிடிக்கும். அப்படியானால் ஏன் முன்பே போடவில்லை? சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் மூன்று மடங்கு வரை ஊதும், இறங்கும்போது சுருங்கும். நாலு தடவை ஊதிச் சுருங்கினால் பொடிந்துவிடும். அதனால் சிலிக்கானை நுண்ணிய துகளாக்கி, கார்பனுக்குள் பொதிந்து, கொஞ்சமாகத்தான் கலக்கிறார்கள். இதுதான் சிலிக்கான்-கார்பன் பேட்டரி. சீன நிறுவனங்கள் 2023 முதல் இதை போனில் போடத் தொடங்கின.

சாம்சங் ஏன் இதில் கை வைக்காமல் இருக்கிறது? 2016-இல் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்து, உலகம் முழுக்கத் திரும்பப் பெற்று, மாடலையே நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் காரணமும் சொன்னார்கள். ஒரு சப்ளையர் பேட்டரியில் மேல் மூலையில் எலக்ட்ரோடு வளைந்து அழுந்தியிருந்தது, இன்னொரு சப்ளையருடையதில் வெல்டிங் பிசிறு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையைச் சேராது. இது என் ஊகம்தான், அவர்கள் அப்படிச் சொன்னதில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு செல் 20 வாட்-ஹவரைத் தாண்டினால் சரக்காக அனுப்புவதில் ஆபத்தான பொருளுக்கான கெடுபிடிகள் கூடும். 5000 எம்ஏஎச் செல் ஏறக்குறைய 19.4-இல் நிற்கிறது. உலகம் முழுக்க ஒரே மாடலை அனுப்பும் நிறுவனத்துக்கு அந்தக் கோட்டுக்குள் நிற்பது சௌகரியம்.

சார்ஜரும் இதோடு சேர்ந்தது. ஒன்பிளஸ் 100 வாட், விவோ 90 வாட், சாம்சங் 45 வாட். முதல் இரண்டுக்கும் சார்ஜர் பெட்டியிலேயே வரும், ஆனால் முழு வேகம் அந்தச் சொந்தச் சார்ஜரில்தான். சாம்சங்குக்கும் பிக்சலுக்கும் பெட்டியில் கேபிள் மட்டும். பொதுவான யுஎஸ்பி பிடி சார்ஜர் எது வாங்கினாலும் ஏறும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துகிற ஊரில், குளித்துச் சாப்பிட்டு வருவதற்குள் நிறைந்துவிடும் போன் எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி கேமரா. 200 மெகாபிக்சல், 50 மெகாபிக்சல் என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். சென்சாரின் பரப்பு எவ்வளவு, ஜூம் லென்ஸ் எத்தனை எக்ஸில், அதாவது எத்தனை மடங்கு இழுப்பில், நிற்கிறது, இந்த இரண்டைக் கேளுங்கள். தூரத்தை இழுக்க லென்ஸ் அடுக்கு நீளமாக இருக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டரில் அது நிற்காது. அதனால் ஒரு பட்டகத்தை வைத்து வெளிச்சத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, லென்ஸ் அடுக்கை போனின் அகலத்தில் படுக்க வைக்கிறார்கள். பெரிஸ்கோப் என்பது இதுதான். பின்மூடியைச் சூடுகாட்டி எடுத்துப் பார்த்தால் உள்ளே செவ்வகப் பெட்டியாகத் தெரியும். பேட்டரிக்குப் போயிருக்க வேண்டிய இடம் அது.

எஸ்25 அல்ட்ரா இந்த இடத்தை இரண்டாகப் பிரித்தது. 3 எக்ஸுக்கு 10 மெகாபிக்சலில் ஒரு சின்னக் கேமரா, 5 எக்ஸுக்கு 50 மெகாபிக்சலில் ஒன்று. விவோ ஒரே பெரிஸ்கோப்பில் எல்லாப் பணத்தையும் போட்டது. 3.7 எக்ஸ், பழைய கேமராக் கணக்கில் 85 மி.மீ., சென்சார் 1/1.4 அங்குலம். பல போன்களின் மெயின் கேமராவுக்கே இவ்வளவு பெரிய சென்சார் கிடையாது. ஒன்பிளஸ் 3 எக்ஸோடு நிறுத்தி, பேட்டரியையும் விலையையும் பார்த்துக்கொண்டது. பிக்சல் 5 எக்ஸ் வைத்து, மிச்சத்தை மென்பொருளிடம் விட்டது.

கல்யாண வீட்டில் உங்களுக்கு வேண்டியது எது? மண்டபத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து மணமேடை. அந்தத் தூரத்துக்கு 3 முதல் 4 எக்ஸ்தான் பொருத்தம். 5 எக்ஸ் போட்டால் தாலி மட்டும் வரும், மாப்பிள்ளை முகம் வெட்டுப்படும். தாலி கட்டும் நேரத்தில் வீடியோக்காரர் விளக்கை அணைத்துவிட்டால் சின்ன சென்சார் திணறும், பெரிய சென்சார் தாங்கும். இதில் விவோவுக்குப் பக்கத்தில் மற்ற மூன்றும் வராது.

கூந்தன்குளம் வேறு கதை. அங்கே ஊருக்குள்ளேயே மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டுகிறது. அதற்கு இந்த நாலில் எந்தப் போனும் போதும். குளத்து நடுவில் வரித்தலை வாத்துக் கூட்டம் மேயும்போதுதான் சோதனை. 10 எக்ஸ் வரை விவோவும் சாம்சங்கும் இறகின் கோடு வரை காட்டும். அதற்கு மேல் போனால் இறகை போனே யோசித்து வரைகிறது. பெரிதாக்கிப் பாருங்கள், தீற்றல் தீற்றலாக இருக்கும். பறவைப் படத்தில் தீவிரமாக இறங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு செகண்ட் ஹாண்ட் கேமராவும் நீள லென்ஸும் இந்த விலையில் பாதிக்குள் முடியும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. ஐபி68 என்ற நீர்த்தடுப்புத் தரம் பொதுவாக நல்ல தண்ணீரில், ஒன்றரை மீட்டர் ஆழத்தில், அரை மணி நேரம் வரை சோதித்தது. ஒன்பிளஸ் 13-க்கும் விவோவுக்கும் ஐபி69 கூட உண்டு, அது பீய்ச்சி அடிக்கும் சூடான தண்ணீருக்கு. குறுக்குத்துறையில் ஆற்றில் குளிக்கும்போது தவறி விழுந்தால் பிழைத்துவிடும். உவரிக் கடலுக்குப் போய்விட்டு வந்த ஒரு அண்ணாச்சி போனை மேஜையில் வைத்தார். சார்ஜிங் பின்னில் பச்சையாகப் பூத்திருந்தது.

"ஏ தம்பி, தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆவாதுன்னுல்லா கடையில சொன்னாவ?"

"அது நல்ல தண்ணிக்கு அண்ணாச்சி. நீங்க உப்புத் தண்ணியிலல்லா முக்கியிருக்கிய."

ஒருமுறை பின்மூடியைத் திறந்து பேட்டரி மாற்றிவிட்டால் தண்ணீர் புகாமல் அடைத்திருக்கும் பசை முத்திரை பழையபடி இருக்கும் என்று நம்ப வேண்டாம். அப்புறம் தண்ணீர் பட்டுப் போனால் வாரண்டியில் பொதுவாகப் பார்க்க மாட்டார்கள்.

திரை வடிவத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாம்சங் அல்ட்ரா 2024 முதல் தட்டைத் திரைக்குத் திரும்பிவிட்டது, பிக்சலும் தட்டைதான். ஒன்பிளஸும் விவோவும் நாலு பக்கமும் லேசாக வளைத்திருக்கிறார்கள். கையில் பிடிக்க அழகு. ஒட்டுகிற எனக்கு வளைவென்றால் திரவப் பசை விட்டு யூவி வெளிச்சத்தில் உறைய வைக்கும் யூவி கிளாஸ், அதன் பசை வழிந்து இயர்பீஸ் ஓட்டையில் இறங்காமல் பார்க்க வேண்டும். நாலிலும் கைரேகை சென்சார் ஒலி அலையால் ரேகையைப் படிக்கும் அல்ட்ராசோனிக் வகை. ஈரக் கையையும் ஓரளவு ஏற்றுக்கொள்ளும், மட்டமான கிளாஸை ஏற்காது.

சரி, முடிவு. எஸ்25 அல்ட்ரா வந்தபோது 1,29,999, பிக்சல் 9 ப்ரோ 1,09,999. அந்த விலையில் இரண்டும் உங்கள் கைக்கு மேலே. ஏழு வருட அப்டேட் இரண்டுக்கும் உண்டு, அத்தனை வருடம் அதே போனைத்தான் வைத்திருப்பீர்கள் என்றால் தள்ளுபடி வரும் வரை காத்திருங்கள். படம் உங்களுக்கு அவ்வளவு முக்கியம் இல்லையென்றால் ஒன்பிளஸ் 13, வந்த விலை 69,999, மிச்சம் கல்யாணச் செலவுக்கு ஆகும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் விவோ எக்ஸ்200 ப்ரோவைத்தான் எடுக்கச் சொல்வேன், அறிமுக விலை 94,999.

எடுத்தால் அதை பைக் ஹேண்டிலில் மாட்டாதீர்கள். கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஓஐஎஸ் உள்ள லென்ஸ் காந்தத்திலும் சுருளிலும் மிதந்துகொண்டிருக்கிறது. பைக் அதிர்வு தொடர்ந்து பட்டால் படம் ஆட ஆரம்பிக்கும், ஃபோகஸ் நிற்காது. ஆப்பிள் 2021-இல் தன் ஐபோன்களுக்கே இந்த எச்சரிக்கையை வெளியிட்டது. ஆண்ட்ராய்டிலும் இயற்பியல் அதேதான், பெரிய சென்சாரும் கனமான லென்ஸும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மேப்புக்கு வீட்டில் கிடக்கும் பழைய போனை ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுங்கள், புதியது சட்டைப் பையில் இருக்கட்டும்.