பயாஸில் எஸ்எஸ்டி தெரியவில்லையா? முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

வணக்கம் நண்பரே. கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக் கணினி அடிக்கடி உறைந்து நிற்கிறது, சில நாள் பயாஸிலேயே (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா கேபிளில் இணையும், சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு டிரைவ்) தெரிவதில்லை என்கிறீர்கள். வேறு எதையும் தொடும் முன், அது தெரியும்போதே படங்களையும் ஆவணங்களையும் வெளி டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் போல எஸ்எஸ்டி சத்தம் போட்டு எச்சரிக்காது. திடீரென மொத்தமாகப் போய்விடலாம். டிரைவில் பிழை தேடும் செக்டிஸ்க், கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் டீஃபிராக் எதுவும் இப்போது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள். நீலத்தில் ‘குட்’ என்று காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். சி7 வரிசையில் சிஆர்சி பிழை (தரவு கேபிள் வழியாகப் போகும்போது சிதைந்த எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். கடலூர் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கக்கூடியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு சாட்டா கேபிளை மாற்றி, வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். 05 வரிசையில் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை) எண் ஏறினால் டிரைவே கெட்டுக்கொண்டிருக்கிறது. வாரண்டி மிச்சமிருக்கிறதா என்று பில்லைத் தேடுங்கள்.