ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு ஐ.டி. நிறுவனத்தில் 7 ஆண்டு 8 மாதமாக வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் ஆட்குறைப்பு நடக்கிறது. "நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் அனுபவச் சான்றிதழில் எந்தப் பிரச்சினையும் இருக்காது" என்று எச்.ஆர். தரப்பில் சொல்கிறார்கள். நான் எப்படித் தயாராவது? எனக்கு என்ன உரிமைகள் உள்ளன?

பதில்: உங்கள் கேள்வியிலேயே மிக முக்கியமான விஷயம் இருக்கிறது. வேறு வேலை உறுதியாகாத நிலையில், நிர்வாகம் சொல்கிறது என்பதற்காக ராஜினாமா கொடுக்காதீர்கள். நிறுவனம் உங்களை நீக்கினால் அதற்குக் காரணம் காட்டவும், முன்னறிவிப்புக் கொடுக்கவும், இழப்பீடு தரவும் அது கடமைப்பட்டிருக்கிறது. நீங்களே விலகியதாகப் பதிவானால் அந்தக் கடமைகளில் பெரும்பாலானவை அதற்கு இல்லாமல் போய்விடும். வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று பின்னால் வழக்காடலாம்தான், ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

இத்தகைய சந்திப்புகள் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி, மூடிய அறையில் நடக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் ராஜினாமாப் பக்கத்தைத் திறந்து வைத்து, இப்போதே பதிவு செய்யுங்கள் என்பார்கள். பதற வேண்டாம். "யோசித்து எழுத்தில் பதில் தருகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அன்றைக்கே, "இன்று நடந்த சந்திப்பில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு அந்த விருப்பம் இல்லை, தொடர்ந்து பணியாற்றத் தயாராக இருக்கிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று வரிகளுக்குப் பின்னாளில் பெரிய மதிப்பு உண்டு.

சட்டப்படி உங்களுக்கு இரண்டு பாதுகாப்புகள் இருக்கின்றன. முதலாவது, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றிய ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டினால், விசாரணை நடத்திச் சான்றுகளைப் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டாவது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 2020. ஆட்குறைப்பில் முன்னறிவிப்போடு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும் என்கிறது அது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களுக்கும் இது பொருந்தாது. ஆனால் உங்கள் அட்டையில் 'மேனேஜர்' என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் நீங்கள் நிர்வாகி ஆகிவிட மாட்டீர்கள். விடுப்பு வழங்கவும் ஆட்களை எடுக்கவும் நீக்கவும் உண்மையில் உங்களுக்கு அதிகாரம் இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) இவற்றிலிருந்து வேறுபட்டது. ஐந்து ஆண்டுகள் முடித்துவிட்டதால், ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் அது உங்களுக்கு உண்டு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கணக்கிடப்படும் என்பதால் உங்கள் பணிக்காலம் 8 ஆண்டு. கணக்கில் எடுக்க வேண்டிய சம்பளம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26ஆல் வகுத்து, 15ஆலும் 8ஆலும் பெருக்க 1,20,000 ரூபாய் வரும். நிலுவைச் சம்பளத்தை, வேலை முடிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத்தொகுப்பு.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஆவணங்களைச் சேர்ப்பது. நீக்கும் நாளில் அலுவலக மின்னஞ்சல் முடங்கிவிடும் என்பதால், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், படிவம் 16, ஆண்டு மதிப்பீடுகள், பாராட்டுக் கடிதங்கள் ஆகியவற்றை இப்போதே உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் தரவையோ நிறுவனத்தின் உள்கோப்புகளையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பவே கூடாது. அதையே ஒழுங்கீனமாகக் காட்டி உங்களை நீக்க வழி செய்துகொடுத்தவர் ஆவீர்கள். பி.எஃப். கணக்கில் ஆதார், வங்கி விவரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். வீட்டில் தொடர் சிகிச்சையில் யாராவது இருந்தால், தனிநபர் காப்பீட்டுக்கு மாறுவது பற்றிக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

நிறுவனம் சமரசத் தொகை தர முன்வந்தால் மறுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. முன்னறிவிப்புச் சம்பளம், இழப்பீடு, பணிக்கொடை, விடுப்புக்கான பணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையைவிட அது அதிகமா என்று கணக்குப் போட்டுப் பார்த்து, எழுத்தில் வாங்கிய பிறகு முடிவு செய்யுங்கள். நீக்க உத்தரவு வந்துவிட்டால், 41ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள்தான் உண்டு. ஆகவே உத்தரவு கைக்கு வந்த முதல் வாரத்திலேயே தொழிலாளர் வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரையோ ஐ.டி. ஊழியர் சங்கத்தையோ அணுகிவிடுங்கள்.