பழைய யப்பான் ரேஞ்ச்பைண்டர் கமராவில் எதை எடுக்கலாம்?

கேள்வி: அண்ணா, ரொறன்ரோவில் இருக்கிற மாமா இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். பிலிம் கமரா ஒன்று கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். லென்ஸ் கழற்ற முடியாத பழைய யப்பான் ரேஞ்ச்பைண்டர்தான் (இரண்டு உருவத்தை ஒன்றாக்கிக் குவியம் வைக்கிற கமரா) வேண்டும் என்று நினைத்துவிட்டேன். அவர் இரண்டின் படம் அனுப்பியிருக்கிறார்: யஷிகா இலெக்ட்ரோ 35 ஜி.எஸ்.என்., கனன் கனொனெட் கியூ.எல். 17 ஜி-3. யஷிகா பாதி விலை. எதை வாங்கச் சொல்ல? உங்களுக்குப் பிடித்தது எது? (கோண்டாவில் வாசகர்)

பதில்: கனொனெட்டை வாங்கச் சொல்லுங்கள் தம்பி. விலை கூடத்தான், ஆனாலும் அதைத்தான் சொல்வேன். லென்ஸை வைத்துச் சொல்லவில்லை. இரண்டுமே எஃப் 1.7 (எஃப் என்பது வெளிச்சம் நுழைகிற துவாரத்தின் அளவு, எண் சின்னதானால் துவாரம் பெரிது), குவியத்தூரம் யஷிகாவில் 45 மில்லிமீற்றர், கனொனெட்டில் 40, இரண்டும் அருமையான கண்ணாடி. வித்தியாசம் பற்றரி செத்த நேரத்தில்தான் தெரியும்.

யஷிகாவின் ஷட்டர் மின்சாரத்தில் ஓடுவது. துவாரத்தை நீங்கள் வைத்தால் போதும், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை 30 செக்கனிலிருந்து 1/500 செக்கன் வரைக்கும் அதுவே முடிவு செய்யும். 1966இல் முதல் இலெக்ட்ரோ வந்தபோது இது பெரிய விஷயம், இன்றைக்கும் மங்கல் வெளிச்சத்தில் அது எடுக்கிற படத்தைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் பற்றரி இல்லையென்றால் எல்லாமே 1/500தான். வேகத்தைக் கையால் வைக்க வழியே இல்லை. கனொனெட்டின் ஷட்டர் முழுக்க இயந்திரம், 1/4 இலிருந்து 1/500 வரை பற்றரியே இல்லாமல் அடிக்கும், பற்றரி வெளிச்சத்தை அளக்கிற மீற்றருக்கு மட்டும்தான். விதவிதமான பற்றரியைத் தேடிக் கடை கடையாக ஏற முடியாத ஊரில் இருக்கிற ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்த மீற்றர்கூட எங்களுடைய வெயிலுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. நடு மத்தியானம், வானம் வெளித்திருக்கிறது, கமராவில் வேக எண் 200 பிலிம் (எண் கூடினால் குறைந்த வெளிச்சம் போதும்): 1/250, எஃப் 16. அவ்வளவுதான். வேப்பமர நிழலுக்குள் ஆள் நின்றால் எஃப் 5.6க்குத் திறவுங்கள், முகில் மூடியிருந்தால் எஃப் 8, விறாந்தைக்குள் அம்மம்மாவை எடுப்பதென்றால் எஃப் 2.8 அளவில் வைத்து வேகத்தையும் ஒரு படி (1/125க்கு, வெளிச்சம் இரண்டு மடங்காகும்) குறையுங்கள். கலர் நெகற்றிவ் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் விழுந்தாலும் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால்தான் நிழல் எல்லாம் சேறாகிப் போகும், அதனால் சந்தேகம் வந்தால் திறக்கிற பக்கம் போங்கள். இன்னொன்று, இந்தக் கமராக்களின் உச்ச வேகம் 1/500 என்பதால் 400 பிலிமைப் போட்டுக்கொண்டு பகலில் கசூரினா கடற்கரைக்குப் போனால் 1/500, எஃப் 16 என்று ஓரத்திலேயே நிற்க வேண்டி வரும். பகலுக்கு 100 அல்லது 200 வைத்திருங்கள், 400ஐ மாலைக்கு விடுங்கள்.

கனொனெட்டிலும் குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. கையால் துவாரத்தை வைத்தவுடன் மீற்றர் நின்றுவிடும், வெளிச்சம் காட்டாது. கமராவே துவாரத்தைத் தெரிவு செய்கிற ஓட்டோ நிலையில் வைத்தால் வெளிச்சம் அதன் எல்லைக்கு வெளியே போனபோது பொத்தானை அமத்தவே விடாது, பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். பெரிய பிரச்சினை, வயதான கமராக்களில் ஷட்டர் இதழ்களிலும் துவார இதழ்களிலும் எண்ணெய் பரவி ஒட்டிக்கொள்வது. அதனால் மாமாவிடம் ஒன்றைக் கட்டாயமாகச் சொல்லுங்கள்: 1/4இல் வைத்து அடித்துப் பார்க்கட்டும். திறந்து மூடுவது காதுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். இழுத்து இழுத்து மூடினால், அல்லது திறந்தபடியே நின்றால், விடச் சொல்லுங்கள்.

பிறகு ரேஞ்ச்பைண்டர். நடுவில் தெரிகிற மங்கல் சதுரத்துக்குள் உருவம் இரண்டாகத் தெரியும், வளையத்தைத் திருப்பினால் ஒன்றாகும். தூரத்துக் கட்டடம் ஒன்றைப் பார்த்து வளையத்தை முடிவிலி வரைக்கும் திருப்பினால் இரண்டும் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். சதுரமே தெரியவில்லை என்றால் உள்ளே கண்ணாடியின் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். ஈபேயில் வாங்குவதாக இருந்தால் விபரத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கச் சொல்லுங்கள், மேலே கொட்டை எழுத்தில் அருமை என்று போட்டுவிட்டுக் கீழே லென்ஸில் பூஞ்சை உண்டு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பரிசோதிக்கவில்லை என்று எழுதியிருந்தால் வேலை செய்யாது என்றே எடுத்து அந்த விலையைத்தான் கொடுக்க வேண்டும். கனொனெட் 28 என்று இன்னொன்று மலிவாகக் கிடைக்கும், பார்க்க ஒரே மாதிரி, ஆனால் எஃப் 2.8, எல்லாமே ஓட்டோ. மாமா மாறி வாங்கிவிடாமல் பெயரை முழுதாக எழுதி அனுப்புங்கள்.

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டீர்கள். இரண்டுமில்லை, ஒலிம்பஸ் 35 ஆர்.சி. 1970இல் வந்தது, 42 மில்லிமீற்றர், எஃப் 2.8. கைக்குள் அடங்குகிற சின்ன உடம்பு, அதற்குள் முழு இயந்திர ஷட்டர், வியூபைண்டருக்குள் வேகமும் தெரியும் துவாரமும் தெரியும், கண்ணை எடுக்காமலே எல்லாவற்றையும் அறிந்துகொள்ளலாம். இதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒழுங்கைகளுக்குள் சைக்கிளில் போனால் பாரமே தெரியாது, சத்தமும் இல்லாத கமரா, ஆட்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நீங்கள் திருவிழாவைச் சொல்லியிருக்கிறீர்கள். மாலை வீதி வெளிச்சத்தில் 2.8 திணறும், 1.7 கிட்டத்தட்ட ஒன்றரைப் படி கூடுதல் வெளிச்சம் தரும். அதனால் உங்களுக்குக் கனொனெட்தான்.

கேள்வி: அம்மப்பாவின் யஷிகா இலெக்ட்ரோ 35 அலுமாரிக்குள் இருந்து எடுத்தோம். ரவுணில் ஒரு கடையில் காட்டினால் இதற்குப் பற்றரியே உலகத்தில் இல்லை, எறியுங்கோ என்றார்கள். உண்மையா? (சாவகச்சேரி வாசகி)

பதில்: எறியாதேங்கோ தங்கச்சி. அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. இதற்குரியது 5.6 வோல்ட் பாதரசப் பற்றரி, பாதரசம் நஞ்சு என்று அந்த வகையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் 4எல்.ஆர்.44 என்கிற 6 வோல்ட் பற்றரி இன்றும் இருக்கிறது. உருவம் சின்னன், அதனால் சுற்றிவரக் கடதாசியைச் சுருட்டி, மிச்ச நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங் வைத்து இறுக்க வேண்டும். இந்தக் கமராவின் சுற்று அந்தச் சின்ன வோல்ட் வித்தியாசத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது.

போடுவதற்கு முதல் பற்றரி அறையைப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் வினாகிரியில் தோய்த்த காது சுத்தம் செய்யும் பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பற்றரியைப் போட்டுப் பின்பக்கத்துப் பரிசோதனைப் பொத்தானை அமத்தினால் மேலே படம் எண்ணுகிற இடத்தில் பச்சை வெளிச்சம் வர வேண்டும். வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அப்புறம் பிலிம் இழுக்கிற நெம்பை இழுங்கள், உள்ளே க்ளங் என்று ஒரு தட்டுச் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே இருக்கிற சின்ன ரப்பர்த் துண்டு உக்கிப்போய்விட்டது, இந்த மொடலின் பெயர்பெற்ற நோய் இது. அதனால்தான் ஒழுங்காக வேலை செய்வது போலத் தெரிந்தாலும் வெளிச்சக் கணக்குப் பிழைக்கும். திருத்தலாம், ஆனால் மேல் மூடியைக் கழற்ற வேண்டும், பழைய கமரா திருத்திய கையாக இருந்தால் மட்டும் கொடுங்கள்.

பின்கதவின் ஓரங்களில் கறுப்பாக ஒட்டுகிற பசை இருக்கும், அது முந்தி வெளிச்சம் புகாமல் தடுத்த நுரை. சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அந்தக் காடிக்குள் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினால் போதும், இது வீட்டில் செய்யக்கூடிய வேலை.

இது கனொனெட்டைவிடக் குறைந்ததென்று மேலே எழுதியதை வைத்து மனம் சோர வேண்டாம். புதிதாகக் காசு கொடுத்து வாங்குகிறவருக்குத்தான் அந்தக் கணக்கு. உங்கள் கையில் இருப்பது அம்மப்பா உங்கள் அம்மாவைப் படம் எடுத்த கமரா, அதைத் திருத்தப் போகிற காசு எந்தக் கடையில் எதை வாங்குவதையும்விட நல்ல செலவு.

கேள்வி: என் கனொனெட்டுக்குக் கடையில் 1.5 வோல்ட் பற்றரி போட்டுத் தந்தார்கள். படமெல்லாம் இருட்டு. ஏன்? (மானிப்பாய்)

பதில்: இதற்குரியது 1.35 வோல்ட். கூடுதல் வோல்ட்டைக் கண்டதும் மீற்றர் வெளிச்சம் அதிகம் என்று நம்பித் துவாரத்தைச் சுருக்கிவிடுகிறது. அல்கலைன் பற்றரி பாவிக்கப் பாவிக்க இறங்கிக்கொண்டே வரும் என்பதால் பிழையும் ஒரே அளவில் நிற்காது. செவிப்புலன் கருவிக்குப் போடுகிற 675 எண் சிங்க்-எயர் பற்றரி 1.4 வோல்ட், அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டு அறைக்குள் நிற்க வையுங்கள். ஸ்ரிக்கரை உரித்த நாளிலிருந்து அது காற்றுப் பட்டுத் தீர்ந்துகொண்டிருக்கும், நீண்ட காலம் தாங்காது, மலிவு என்பதால் அடிக்கடி மாற்றுவதில் நட்டமில்லை. அது கிடைக்கும்வரை பிலிம் வேக எண்ணைக் குறைத்து வையுங்கள், 200 பிலிமுக்கு 100.

கேள்வி: லென்ஸில் பூஞ்சை வராமல் எப்படி வைத்திருப்பது? (காரைநகர்)

பதில்: தோல் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், மாரி காலத்தில் அதை அடிக்கடி சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். கமராவை மாதக்கணக்கில் இருட்டில் விடாமல் எடுத்துப் பாவிப்பதும் மருந்துதான். இருக்கிறதா என்று பார்க்க, பின்கதவைத் திறந்து, ஷட்டரை பி-யில் (பொத்தானை அமத்தியிருக்கும்வரை திறந்திருக்கிற நிலை) பிடித்துக்கொண்டு முன்பக்கத்திலிருந்து ரோச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அதுதான். ஓரத்தில் கொஞ்சம் என்றால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் வாங்காதீர்கள், பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு நிற்கும்.

கேள்வி: அவுஸ்திரேலியாவில் இருந்து வருகிற அக்காவிடம் பிலிமும் சொல்லலாமா? விமான நிலைய எக்ஸ்ரேயில் பழுதாகாதா? (கொக்குவில்)

பதில்: சொல்லலாம், ஆனால் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டாம். அங்கே அடிக்கிற எக்ஸ்ரே பலமானது, கழுவாத பிலிமில் பனிப்புகார் போல மங்கல் படியும். கைப்பையில் கொண்டுவரட்டும், 400க்குக் குறைந்த பிலிமுக்குப் பழைய வகைக் கைப்பை எக்ஸ்ரேயால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இப்போது சில விமான நிலையங்களில் கைப்பைக்கே சி.ரி. ஸ்கேன் (பலமான எக்ஸ்ரே) இயந்திரம் வைத்திருக்கிறார்கள், அது ஆபத்து, அங்கே பிலிமைத் தெரிகிற பையில் தனியாக எடுத்துக் கையால் பார்க்கும்படி மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள். வந்து சேர்ந்ததும் காற்றுப் புகாத பையில் சுற்றிப் பிரிட்ஜில் வையுங்கள், எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காமல் குளிர் போகும்வரை விடுங்கள். அக்காவிடம் பிலிமுக்குச் சொல்வதற்கு முதல், கலர் பிலிம் கழுவித் தருகிற இடம் எது என்று இங்கே கேட்டுத் தெரிந்துவைத்திருங்கள். கொழும்புக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டி வந்தால் அந்தச் செலவையும் ஒரு ரோலின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கறுப்பு வெள்ளை என்றால் ஒரு ராங்கியும் இரண்டு மூன்று இரசாயனமும் இருந்தால் வீட்டுக் குளியலறையிலேயே கழுவலாம், அடிக்கடி எடுக்கப் போகிறீர்கள் என்றால் அதையே பழகுங்கள்.