உலகின் முதன்மையான பைக் பந்தயத் தொடரான மோட்டோஜிபியில், பைக்குகளின் எஞ்சினை 2027-இல் 1000 சிசியிலிருந்து 850 சிசிக்கு ஏன் குறைக்கிறார்கள்?

முதல் காரணம் வேகம். 2023-இல் இத்தாலியின் முஜெல்லோ ஓடுதளத்தில் பிராட் பைண்டர் என்ற ஓட்டுநர் மணிக்கு 366.1 கிலோமீட்டரைத் தொட்டார். அந்த வேகத்தில் பிரேக் பிடித்துத் தவறினால், வழுக்கிப் போக ஓடுதளத்துக்கு வெளியே இடம் போதாது. சுவர்களை எல்லா ஊரிலும் பின்னுக்குத் தள்ள முடியாதே.

ஆனால் சிசியைக் குறைத்தால் மட்டும் போதாது என்பது பழைய பாடம். 2007-இல் 990-லிருந்து 800-க்கு இறக்கினார்கள். நேர்கோட்டில் இழந்ததை வளைவில் வேகமாகத் திரும்பி ஈடுகட்டினார்கள். 2012-இல் 1000-க்கு ஏற்ற வேண்டியதாயிற்று.

அதனால் இந்த முறை மற்றவற்றிலும் கை வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, பைக்கின் உயரத்தைத் தாழ்த்தும் கருவிகளுக்கான தடை. வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் தாழ்ந்தால் முன்சக்கரம் தூக்காது, கூடுதல் சக்தியைத் தரையில் இறக்கலாம். முன்பு அதைச் சமாளித்தது ஓட்டுநரின் வலதுகையும் உடம்பும்தான். அந்தத் திறமை மறுபடி கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் இறக்கைகள், அதாவது காற்றைக் கொண்டு பைக்கைத் தரையோடு அழுத்தும் பாகங்கள். அவற்றின் முன்பக்க அகலம் 50 மில்லிமீட்டர் குறைகிறது. முன்னால் போகும் பைக் கலைத்துவிடும் காற்றில் பின்னால் வருபவரின் முன் டயர் சூடேறி, முந்தவே முடியாமல் போவதுதான் இப்போதைய பெரிய குறை. இது அதைக் கொஞ்சமாவது குறைக்கும் என்று நம்புகிறேன்.

எரிபொருள் 22 லிட்டரிலிருந்து 20 லிட்டராகிறது, அதுவும் முழுக்கப் புதைபடிவம் சாராதது. டயரும் மிஷலினிலிருந்து பிரெல்லிக்கு மாறுகிறது.