பகிடியும் நக்கலும் சிலேடையும்

கேள்வி: பகிடி, நக்கல், சிலேடை மூன்றும் ஒன்றுதானா? இவற்றின் மூலம் என்ன? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: மூன்றும் சிரிப்பூட்டுபவைதாம்; யார் தலையில் விடிகிறது என்பதில்தான் வேறுபாடு. "சும்மா பகிடிக்குச் சொன்னனான், கோவிக்காதேங்கோ" என்று நம்மவர் சமாதானம் சொல்வதுண்டு; "நக்கலுக்குச் சொன்னனான்" என்று யாரும் சமாதானம் சொல்வதில்லை, ஏனெனில் நக்கலுக்கு இலக்காக ஒருவர் எதிரில் இருந்தே ஆகவேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைக் கூறி, எள்ளலையே முதலில் வைத்தார். நகை என்ற சொல்லுக்கு வேரான 'நகு' என்னும் வினைக்குச் சிரித்தல், ஒளிர்தல் என இரு பொருளும் உண்டாதலால், செட்டியார் தெருக் கடைகளில் மின்னும் நகையும் நம் முகத்து நகையும் ஒரே வேரினவே. (இதை வைத்துப் 'பொன்னகை, புன்னகை' என்று வாழ்த்துமடல்கள் அடுக்குவது எனக்குச் சலித்துவிட்டது.) பரிகாசம், கேலி, விகடம் ஆகியவை வடமொழியிலிருந்து வந்தவை.

சிலேடையும் அவ்வாறே வந்ததுதான். தழுவுதல், ஒட்டிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய 'சிலேஷம்' என்ற சொல்லே தமிழில் சிலேடையாயிற்று. இரு பொருள்கள் ஒரு சொல்லில் ஒட்டி நிற்பதால் அப்பெயர் பொருந்துகிறது. ஆயினும் நன்னூல் உத்திகளுள் ஒன்றாகக் கூறும் 'இரட்டுற மொழிதல்' என்ற தமிழ்த் தொடரே எனக்கு உவப்பானது. 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடியபோது, "நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்" என்று தொடங்கினார். பாம்பிடம் இருப்பது விடம். கனிந்த பழமோ 'நைந்து' இருக்கும், அதுவே பேச்சுவழக்கில் 'நஞ்சு' ஆகிறது. பாம்பு தானே தோலை உரிக்கும், பழத்தை நாம் உரிக்கிறோம். சிவன் முடியில் அது அணி, இது அபிடேகப் பொருள். இங்கே எவரும் புண்படவில்லை. மடக்கப்படுவது சொல் மட்டுமே.

கேள்வி: அப்படியானால் 'பகிடிவதை' என்ற சொல் எப்படிப் பொருந்தும்? (மாணவி, கொட்டாஞ்சேனை)

பதில்: பொருந்தவில்லை என்பதே என் கருத்து. பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் புதிய மாணவரைத் துன்புறுத்தும் 'ராகிங்'கையே பகிடிவதை என்கிறோம். அதைச் சிங்களத்தில் 'நவக வதய' என்பர். புதியவர்க்குச் செய்யும் வதை என்று அது நேராகச் சொல்லிவிடுகிறது. இலங்கையின் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கிய செயலுக்கு, நம் பேச்சிலேயே மிக மென்மையான சொல்லை முன்னொட்டாக்கிவிட்டோம்.