வாசகர் கேள்விகள்: ஜூ ஷியின் உரையும் முன்னோர் மாடமும்

கே: எங்கள் வாசகர் வட்டத்தில் கன்பூசியத்தின் ‘நான்கு நூல்கள்’ படிக்கப் போகிறோம். எதில் தொடங்கலாம்?
– வாசகர், காரைக்குடி

ப: இந்நூல்களுக்கு உரை எழுதிய சீன அறிஞர் ஜூ ஷி (1130–1200) வகுத்த வரிசையிலேயே போங்கள்: ‘பெருங்கல்வி’, கன்பூசியஸின் ‘உரையாடல்கள்’, ‘மென்சியஸ்’, கடைசியில் ‘நடுநிலை’. முதல் நூல் மிகச் சிறியது. மூலம் 2,000 சீன எழுத்துகூடத் தேறாது. ஆனால் சண்டையெல்லாம் அதை வைத்துத்தான். பரிமேலழகர் குறட்பாக்களை வரிசை மாற்றியதுபோல ஜூ ஷியும் இதன் பத்திகளை இடம் மாற்றினார். அதோடு நிற்கவில்லை. ‘பொருள்களை ஆராய்தல்’ பற்றிய பகுதி தொலைந்துவிட்டது என்று சொல்லி, 134 எழுத்தில் தாமே எழுதிச் சேர்த்தார். நம் உரையாசிரியர்கள் அவ்வளவு துணிந்ததில்லை!

1313-ல் சீனாவை ஆண்ட யுவான் அரசு அவர் உரையை, அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் அரசுத் தேர்வுக்குப் பாடமாக்கியது. 1905-ல் தேர்வு ஒழியும்வரை மாணவர்கள் மூலத்தை அந்த உரை வழியாகவே உருப்போட்டார்கள். பிற்காலச் சீனச் சிந்தனையாளர் வாங் யாங்மிங் (1472–1529) இளமையில் ஜூ ஷி சொன்னபடியே, பொருளுக்குள் இருக்கும் நெறியைக் காண மூங்கிலை ஏழு நாள் உற்று ஆராய்ந்து, நோயில் விழுந்தவர். நெறி மனத்துக்குள்ளேயே இருக்கிறது என்று பின்னாளில் சொல்லி, சேர்க்கை இல்லாத பழைய பாடத்துக்கே திரும்பினார். ஆகவே மொழிபெயர்ப்பு வாங்கும்போது ஐந்தாம் பகுதியைப் புரட்டுங்கள். சேர்க்கை இருந்தால் அது ஜூ ஷி பாடம். வட்டத்தில் ஆளுக்கொரு பாடம் வைத்திருந்தால் விவாதம் முட்டிக்கொண்டு நிற்கும்.

கே: எங்கள் வீட்டில் முன்னோருக்குச் செய்யும் படைப்பில் பல தலைமுறைக்கு முந்தியவர்களுக்கும் வேட்டி, சேலை வைக்கிறோம். கொரியாவில் நான்கு தலைமுறையோடு நிறுத்துகிறார்களாமே?
– வாசகி, தேவகோட்டை

ப: ஜூ ஷி பெயரில் வழங்கும் ‘குடும்பச் சடங்குகள்’ நூலின் கணக்கு அது. வீட்டின் முதன்மைக் கூடத்துக்குக் கிழக்கே முன்னோர் அறை, அதில் நான்கு மாடம். மேற்கு ஓரத்தில் ஓட்டன், அடுத்தடுத்துப் பூட்டன், பாட்டன், தந்தை. ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய மரப்பலகை. குடும்பத் தலைவர் இறந்து துக்ககாலம் முடிந்ததும் பலகைகள் ஒரு மாடம் மேற்கே நகரும். இடமில்லாமல் போகிற மூத்தவரின் பலகையைக் கல்லறையருகே புதைப்பார்கள்.

கொரியாவின் 1485 சட்டத் தொகுப்பு இதையும் பதவிப்படி வெட்டியது: ஆறாம் படியிலும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிக்கு மூன்று தலைமுறை, அதற்குக் கீழே இரண்டு, குடிமக்களுக்குப் பெற்றோர் மட்டும். பின்னாளில் மேட்டுக்குடியினர் சட்டத்தை ஒதுக்கிவிட்டு நூலையே பிடித்துக்கொண்டார்கள். நான்கு நிலைத்தது அப்படித்தான்.

கே: எங்கள் ஐயா சைகோன் கிட்டங்கியில் இருந்தவர். வியட்நாமிலும் சீனாவைப் போன்ற அரசுத் தேர்வுதானா?
– வாசகர், கானாடுகாத்தான்

ப: ஆம், அதே நான்கு நூல்கள்தான். கடைசித் தேர்வு பிரெஞ்சு ஆட்சியில், ஹுவே நகரில், 1919-ல் நடந்தது. சீனாவில் ஒழித்து 14 ஆண்டு ஆகியிருந்தது.